இரண்டு விரல் கொழுப்பு

ஆர்விட்டைக் கெட்டிக்கார வேட்டைக்காரன் என்று லோவ்டால் பள்ளத்தாக்கில் யாரும் சொன்னதில்லை. பொறுமைக்காரன் என்றுதான் சொல்வார்கள். மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்தான் என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஆடமாட்டான், அசையமாட்டான். ஒருமுறை சிட்டு ஒன்று வந்து அவன் வில்லின் நுனியில் உட்கார்ந்து, சாவகாசமாக எச்சமிட்டுவிட்டுப் பறந்து போனதாம். அவனே சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு இரண்டு வருஷமாக ஒரு மான்கூட விழவில்லை. வலது தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் பால் டேங்கர் ஓட்டினவனுக்குத் தோள் என்ன இரும்பா? பண்ணைக்குப் பண்ணை அந்தத் தடித்த குழாயை இழுத்து மாட்டி, கழற்றி, சுருட்டி, தோளுக்குள் இருந்த தசைநார் நைந்துபோய்விட்டது. இனி வில்லைத் தொடாதே என்றார் டாக்டர். குறுக்குவில் வாங்கிக்கொள், அதில் இழுத்துப் பிடிக்கிற வேலையே இல்லை என்றான் சிநேகிதன் நார்ம். ஆர்விட் இரண்டு பேர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பி வைத்த தன் பழைய வில்லின் இழுவையை முடிந்தமட்டும் தளர்த்தி, கோடை முழுக்கக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் கட்டைக் குறிவைத்து அம்பு விட்டுப் பழகினான். இரவில் தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு தூங்கினான்.

இந்த வருஷம் மான் வேண்டும். கிரெட்டாவுக்காக வேண்டும்.

கிரெட்டா அவனுடைய ஒரே மகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் அவள் வீடு. கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாக இப்போது எட்டு மாதம். ஆரம்பத்தில் அவளுக்குக் கறி வாசனையே ஆகவில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள், அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. முகம் வெளுத்துப்போய்க் கிடந்தவள் அக்டோபரில் ஒருநாள் அம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, உள்கறி தின்னணும்போல இருக்கு. வெண்ணெயில வெங்காயம் போட்டு நீ பண்ணுவியே, அது," என்றாள்.

உள்கறி என்பது மானின் முதுகுத்தண்டுக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டே துண்டு. முழங்கை நீளம்கூட வராது. பல் இல்லாதவனும் தின்னலாம், அவ்வளவு மெத்தென்று இருக்கும். எங்கள் பக்கத்தில் அதை ஃப்ரீசரில் வைக்கிற வழக்கமே கிடையாது. மான் விழுந்த அன்று சாயங்காலமே வாணலிக்குப் போய்விடும்.

மற்ற கறிதான் காத்திருக்கும். கொஞ்ச வருஷமாகவே இந்தப் பக்கத்து மான்களுக்கு மெலிவு நோய். மூளையை அரித்து, உடம்பை உருக்கி, கடைசியில் நின்ற இடத்திலேயே விழவைக்கிற நோய். மனுஷனுக்கு அது தொற்றியதாக இதுவரை யாரும் சொல்லவில்லை. தொற்றாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அதனால் மான் அடித்தவன் தலையை வெட்டிப் பையில் கட்டி, எண் போட்ட அட்டையில் விவரம் எழுதிச் சேர்த்து, முச்சந்தியில் வனத்துறைக்காரர்கள் சோதனைக்காக வைத்திருக்கும் தொட்டியில் போட்டுவிட்டு வருவான். முடிவு வர இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை தொடைக்கறி, தோள்கறி, கொத்துக்கறி எல்லாம் தாளில் சுற்றித் தேதி எழுதி ஃப்ரீசரில் தொடாமல் கிடக்கும். உள்கறி மட்டும் கணக்கில் வராது. ஏன் வராது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அது கொஞ்சம்தானே என்பார்கள்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே ஆர்விட் பரணில் ஏறிவிட்டான். ஊற்றுப் பக்கத்தில் நிற்கிற ஓக் மரம், பதினெட்டு அடி உயரம். தோளிலும் தொடையிலும் வாரை மாட்டி அடிமரத்தோடு பிணைத்துக்கொண்டு, கீழே வைத்த வில்லைக் கயிற்றால் மெல்ல மேலே இழுத்தான். நல்ல உறைபனி. காற்று எதிர்மேட்டிலிருந்து அவன் முகத்துக்கு அடித்தது, அதுதான் வேண்டும். வெளிச்சம் வந்ததும் அணில்கள் சருகில் இறங்கின. வில்காரனை ஏமாற்றுவதில் அணிலை மிஞ்ச ஆள் இல்லை, கைப்பிடி அளவு உடம்பை வைத்துக்கொண்டு மான் மாதிரிச் சருகை மிதித்து நடக்கும். ஆர்விட் ஒன்றுக்கும் தலையைத் திருப்பவில்லை.

ஏழரை மணிக்கு ஊற்றோரம் கொம்பு தெரிந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. மரத்திலிருந்து பதினைந்து தப்படிகூட இருக்காது. மான் தண்ணீரில் வாயை வைத்தது, பிறகு தலையை எடுக்கவே இல்லை. முன்னங்கால் இரண்டையும் அகட்டி, காதைத் தொங்கவிட்டு, நின்றது நின்றபடியே நின்றது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. விலாவில் எலும்பு எண்ணலாம்போல இருந்தது.

ஆர்விட் எழுந்து நின்றான். காலடியில் பரண் கிறீச்சிட்டது. வேறு மானாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேட்டுக்குப் போயிருக்கும். இது காதைக்கூடத் திருப்பவில்லை. வில்லை இழுத்தான், தோள் பாதியில் விட்டுவிட்டது. கண்ணில் நீர் முட்ட, நாணை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் இழுத்தான். இரண்டாவது தடவை இழுக்க நேரம் கொடுக்கிற மானை அவன் ஆயுசில் பார்த்ததில்லை. மகளுக்காகக் கடவுளே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அம்பை விட்டான்.

எச்சிலையும் காதையும் விலாவையும் ஆர்விட் பார்த்தான். பார்க்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான், ஆனால் பார்த்தான்.

மத்தியானம் கொட்டகையில் மானைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவனும் மார்லிஸும் தோலுரித்தார்கள். அவன் பெண்டாட்டி மார்லிஸ் கத்தி பிடித்தால் கசாப்புக்காரன் தோற்றுப்போவான். தோலை இடுப்பு வரைக்கும் இறக்கியவள் கையை நிறுத்தினாள்.

"முதுகுல கொழுப்பையே காணோமே. இந்த மாசத்துல ரெண்டு விரல் தடிமன் இருக்கணும்."

"பொட்டைங்க பின்னாடி ஓடியிருக்கும். ஓடுனா கொழுப்பு எங்க நிக்கும்?"

"உனக்கு மட்டும் ஓடியும் நின்னிருக்கே," என்று கத்திப் பிடியால் அவன் தொந்தியைத் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த நேரத்துக்குத்தான் கிரெட்டா கொட்டகைக்கு வந்தாள். தலைக்கு அட்டை எழுதுவது எந்த வருஷமும் அவள் வேலை, அப்பன் கையெழுத்து அப்பனுக்கே புரியாது. தொங்குகிற மானுக்கு எதிரே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, வயிற்றின் மேலேயே அட்டையை வைத்து எழுதினாள். அட்டையின் எண் இருந்த அடித்துண்டைக் கிழித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல எண்ணைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆர்விட் உள்கறியை விரல் கனத்துக்கு வெட்டி, வெண்ணெயில் வெங்காயம் சிவக்க வதக்கி, இரும்பு வாணலியோடு தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். மருமகன் டேரலுக்கு ஒரு துண்டு கிடைத்தது. மீதி அத்தனையையும் கிரெட்டா தின்றாள். ரொட்டியால் வாணலியையும் துடைத்துத் தின்றாள். உனக்கு என்று அவள் நீட்டினதை ஆர்விட் வாங்கவில்லை, நீ தின்னும்மா, நீ தின்னு என்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று இரவு அவனுக்கு ஐஸ் பை தேவைப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் போன் வந்தது. ஆர்விட் ஒரு பண்ணையில் பால் ஏற்றிக்கொண்டிருந்தான். நோய் இல்லை என்றால் அவர்கள் கூப்பிடுவதில்லை, அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். துறையிலிருந்து பேசிய பெண் நல்ல மாதிரி, அவசரப்படாமல் எண்ணைப் படித்தாள், பெயரைக் கேட்டு உறுதி செய்தாள், அந்த மானுக்கு மெலிவு நோய் இருந்தது என்று சொன்னாள். கறியைத் தின்ன வேண்டாம், பையில் கட்டி வையுங்கள், எங்கே கொண்டுவந்து போடுவது என்று விவரம் அனுப்புகிறேன் என்றாள்.

"தின்னாச்சும்மா," என்றான் ஆர்விட்.

"எல்லாத்தையுமா?"

"உள்கறி மட்டும். எம்பொண்ணு தின்னா. எட்டு மாசம் அவளுக்கு."

"சார், மனுஷங்களுக்கு வந்ததா எங்களுக்குத் தெரிஞ்சு ஒண்ணுகூட இல்ல. இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க."

"அவர் என்ன செய்வாரு?"

"அது எனக்குத் தெரியல சார்," என்றாள் அவள். பாவம், பொய் சொல்ல மனசில்லாதவள்.

டேங்கர் நிரம்பியதும் குழாயைக் கழற்றினான். ஒவ்வொரு பண்ணையிலும் பாலை ஒரு சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து, பெயர் எழுதி, ஐஸ் பெட்டியில் வைப்பது அவன் வேலை. ஆலை வாசலில் டேங்கரை நிறுத்திச் சோதனை முடிவு வந்த பிறகுதான் பாலை இறக்குவார்கள். மருந்து போட்ட மாட்டின் பால் ஒரு பண்ணையிலிருந்து வந்திருந்தாலும் முழு டேங்கரும் கழிவுக் குழிக்குப் போகும். முப்பத்திரண்டு வருஷத்தில் முடிவு வராமல் ஒரு சொட்டு இறக்கியவன் இல்லை ஆர்விட். அன்று குப்பியில் பெயர் எழுதக் கை வரவில்லை. அது சிநேகிதன் நார்முடைய பண்ணை, அவன்தான் பேனாவை வாங்கி எழுதினான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு நார்ம் தன் வழக்கப்படி ஆறுதல் சொன்னான். "டேய், நான் ஒரு தலையைக்கூட அந்தத் தொட்டியில போட்டதில்ல. இத்தனை வருஷமா தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு, என்னைப் பாரு."

"உன்னைப் பாத்துத்தாண்டா பயமா இருக்கு," என்றான் ஆர்விட். நார்ம் சிரித்தான். ஆர்விட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தின்ன மானெல்லாம் எப்படி நின்றது என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை.

வீட்டில் மார்லிஸிடம் சொன்னபோது அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள். பானை நிரம்பிய பிறகும் உரித்தாள். கிரெட்டாவிடம் இப்போது வாய் திறக்கக் கூடாது, பிரசவம் ஆகட்டும், ஏற்கெனவே இரண்டு போனவள், இதைக் கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். ஆர்விட்டும் தலையாட்டினான். சொல்ல அவனுக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நகரத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போனான். கிரெட்டா வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. பொறுமையாகக் கேட்டாள். பரிசோதனை என்று ஒன்று கிடையாது, மருந்து கிடையாது, வந்ததாக ஒரு மனுஷனும் இல்லை, பயப்படாதீர்கள் என்றாள்.

"வராதுன்னு சொல்லுங்க, போயிடறேன்," என்றான் ஆர்விட்.

"அப்படி நான் சொல்ல முடியாது."

"சரி, எப்பத் தெரியும்? பத்து வருஷத்துல தெரியுமா? இருபதுலயா?"

"ஒண்ணும் ஆகாமலே போகலாம். அப்படிப் போனா, தெரியறதுக்கே எதுவும் இருக்காது."

நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தான். வண்டியில் உட்கார்ந்தவன் சாவியைப் போடவே இல்லை. காத்திருப்பது அவனுக்குப் புதிதா? மழையில் உட்கார்ந்திருக்கிறான், பனியில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் பரணில் இருட்டினால் இறங்கிவிடலாம். மான் வரவில்லை என்றால் வரவில்லை, அது அன்றைக்கு முடிந்தது. இதில் எப்போது இறங்குவது? அவன் அறுபத்தோரு வயசுக்காரன். பேரனுக்கோ பேத்திக்கோ இருபது வயசாகும்போது அவன் இருப்பானோ என்னவோ. இல்லாமல் போனால் முடிவு தெரியாமலே போவான்.

அதற்குப் பிறகு அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவதைக் குறைத்தான். போனாலும் வாசலிலேயே நின்றான். கிரெட்டா கையிலிருந்து கோப்பை நழுவினால் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பான். என்னவோ சொல்ல வந்தேன், மறந்துட்டேன்பா என்று அவள் சொன்னால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. பிள்ளைத்தாச்சிக்கு மறதி சகஜம் என்று மார்லிஸ் திட்டினாள். அப்படித் திட்டினவளே சாயங்காலத்தில் ஜன்னலோரம் நின்று மகள் நடப்பதை உற்றுப் பார்ப்பதை அவனும் கவனித்தான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மார்லிஸ் கொட்டகைக்குப் போனபோது ஃப்ரீசர் மூடி திறந்திருந்தது. ஆர்விட் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தாளைப் பாதி பிரித்திருந்தான்.

"என்ன பண்ற?"

"அவ தின்னா. நான் ஒரு துண்டு தின்னல. அவ வாயில வைக்கறதை எதிர்ல உக்காந்து வேடிக்கை பாத்தேன்." அவன் மீதித் தாளையும் பிரித்தான். "நானும் தின்னுட்டுப் போறேன், மார்லிஸ். அவளுக்கு வர்றது எனக்கும் வரட்டும்."

மார்லிஸ் பொட்டலத்தை அவன் கையிலிருந்து பிடுங்கி, கறுப்புப் பையில் போட்டாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நாற்பத்தோரு பொட்டலம், எல்லாவற்றிலும் தேதி அவள் கையெழுத்து. பையின் வாயைக் கட்டும்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. "நானும்தானே பாத்தேன். கொழுப்பு இல்லன்னு நான்தானே சொன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேனே," என்றாள்.

மானைப் பரணிலிருந்து பார்த்ததை அவன் அப்போதுதான் அவளிடம் சொன்னான். தலை எடுக்காமல் நின்றது, எச்சில், கிறீச்சிட்டும் ஓடாதது, இரண்டு தடவை வில்லை இழுத்தது எல்லாம். அவள் பையின் மேலேயே உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "இதை யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் மார்லிஸ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் வேகவைத்த பெரிய தட்டு நடுவில் இருந்தது. டேரல் தலை நிமிராமல் தின்றான். கிரெட்டா ஒரு வாய் எடுத்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அந்த மானோட அட்டை நம்பரை வனத்துறை வெப்சைட்ல போட்டுப் பாத்தேன்."

ஆர்விட்டுக்குக் கை அப்படியே நின்றது. "எப்போ?"

"போன ஞாயிறே பாத்துட்டேன். நீயா சொல்லுவேன்னு ஏழு நாளா இருந்தேன். ரோட்டைத் தாண்டி வர்றே, வாசல்லயே நிக்கறே, பனி கொட்டுதுன்னு சொல்லிட்டுப் போயிடறே." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "டாக்டர்கிட்ட நானும் கேட்டேன். செய்யறதுக்கு ஒண்ணும் இல்லங்கறாங்க. இனிமே அதைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது, பேச வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. மேலேர்ந்து பாத்தப்ப அது நல்லாத்தானே இருந்துச்சு?"

ஆர்விட் வாயைத் திறந்தான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தானா, உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தானா, அவனுக்கே தெரியவில்லை.

"நல்லாவா?" என்றாள் மார்லிஸ். கையில் இருந்த பெரிய கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினாள். "முதுகுல இத்தனை தடிமன் கொழுப்பு. ரெண்டு விரல். நான்தானே தோலை உரிச்சேன், எனக்குத் தெரியாதா?"

கிரெட்டா அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். அவள் இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், எத்தனையோ மான் இந்தக் கொட்டகையில் தொங்கியதைப் பார்த்தவள். அன்றைக்கும் தோலிறக்கிய மானுக்கு எதிரேதான் வாளியில் உட்கார்ந்து அட்டை எழுதினாள். விரல்களைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஆர்விட் தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்பச் சரி," என்றாள் கிரெட்டா. "அப்ப யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"முடியாதும்மா," என்றாள் மார்லிஸ்.

டேரல் தண்ணீர் குடித்தான். கிரெட்டா முள்கரண்டியை எடுத்துக்கொண்டு, சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவள்போல அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "ஆனா ரொம்ப ருசியா இருந்துச்சுப்பா. அதையும் சொல்லணும்ல."

மார்லிஸின் இரண்டு விரலும் இன்னும் தூக்கினபடியே இருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டு, கரண்டியை எடுத்து மகள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. கிரெட்டா சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய் உள்ளே போவதையும் ஆர்விட் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.